தரம் 2 கொப்பியில் ஏன் ஒன்றும் எழுதவில்லை?

கொழும்பில் தமிழ்மூல ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பெற்றோர் கூட்டத்தில் எழும்புகிற முதல் கேள்வி இதுதான்: "டீச்சர், பிள்ளை வீட்டுக்கு வந்தா இண்டைக்கு விளையாடினோம் எண்டுதான் சொல்லுது. கொப்பியைத் திறந்தா மூண்டு நாளா ஒரே பக்கம். ஏதாவது படிப்பிக்கிறீங்களா இல்லையா?" கேட்கிறவர் சண்டைக்கு வந்தவர் இல்லை. விடிய எழும்பி, சாப்பாட்டுப் பெட்டி கட்டி, ஸ்கூல் வேனுக்கு மாதா மாதம் காசு கொடுத்து அனுப்புகிறவர். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள அவர் கையில் இருக்கிற ஒரே சான்று அந்தக் கொப்பிதான். நானும் ஆரம்பப் பிரிவில் படிப்பிப்பவள். கூட்டத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு நிமிடத்தில் ஏதோ சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போக வேண்டியிருக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் ஆற அமரச் சொல்கிறேன். தரம் 2ஐ வைத்துத்தான் சொல்லப்போகிறேன். தரம் 1இல் "சின்னப் பிள்ளை, அழாமல் இருந்தால் போதும்" என்று எல்லாரும் விட்டுவிடுகிறார்கள், தரம் 3இல் எழுத்து வேலை தானாகக் கூடிவிடுகிறது, நடுவில் இந்த ஒரு வருடத்தில்தான் பெற்றோருக்கு நித்திரை வருவதில்லை.

முதலில் இந்த முறை எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். சில பெற்றோர் நினைப்பது போல ஏதோ ஒரு டீச்சர் சோம்பலுக்குக் கண்டுபிடித்தது இல்லை இது. 1997இல் கொண்டுவரப்பட்ட பொதுக் கல்விச் சீர்திருத்தத்தில் ஆரம்பக் கல்வியின் ஐந்து வருடங்களை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தார்கள்: தரம் 1, 2 ஒரு நிலை, 3, 4 இன்னொன்று, தரம் 5 தனி. 1998இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1999இல் தீவு முழுவதும் தரம் 1க்குக் கொண்டுவந்தார்கள். மகரகமவில் இருக்கிற தேசிய கல்வி நிறுவகம் கலைத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் தயாரிக்கிறது, கல்வி வெளியீட்டுத் திணைக்களம் புத்தகத்தை அச்சடித்து இலவசமாகத் தருகிறது. அந்தக் கலைத்திட்டத்திலேயே கற்றல் நடக்கும் வழி மூன்று என்று எழுதியிருக்கிறது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை. முதல் நிலையில் விளையாட்டுக்குத்தான் கூடிய இடம். இரண்டாம் நிலையில் மூன்றும் ஏறக்குறைய சமம். தரம் 5 வரும்போது எழுத்து வேலை மேலே வந்துவிடும். ஆக, தரம் 2 கொப்பி மெலிந்து கிடப்பது திட்டத்தின்படியே நடக்கிற காரியம்.

விளையாட்டு என்றால் மைதானத்தில் அவிழ்த்துவிடுவது என்று நினைக்க வேண்டாம். அதுவும் உண்டுதான். ஆனால் இங்கே சொல்வது வழிகாட்டப்பட்ட விளையாட்டு, அதாவது டீச்சருக்கு இது எதற்காக என்று தெரியும், பிள்ளைக்குத் தெரியத் தேவையில்லை. ஜெரோம் புரூனர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களில் சொன்ன ஒரு ஒழுங்கு இதற்கு அடியில் இருக்கிறது: பிள்ளை முதலில் கையால் செய்து பார்க்கிறது, பிறகு அதைப் படமாகப் பார்க்கிறது, கடைசியில்தான் குறியீடாக எழுதுகிறது. கொப்பி என்பது அந்த மூன்றாவது படி. முதல் இரண்டு படியும் கொப்பியில் தெரியாது.

சரி, கையால் செய்வது என்றால் என்ன? கணிதத்தில் இரண்டு இலக்க எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். "இருபத்து மூன்று எழுது" என்றால் தரம் 2இன் தொடக்கத்தில் வகுப்புக்கு நாலைந்து பேராவது 203 என்று எழுதுவார்கள். அவர்கள் கவனம் இல்லாதவர்கள் இல்லை, காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறார்கள்: இருபது, அதற்குப் பக்கத்தில் மூன்று. சிவப்புப் பேனையால் வெட்டி, 23 என்று பத்துத் தரம் எழுது என்று வீட்டுக்கு அனுப்பலாம். அப்படிச் செய்தால் 23 சரியாக வரும். அடுத்த கிழமை 47 கேட்டால் 407 வரும்.

வகுப்பில் என்ன செய்வோம் என்றால், ஈர்க்குகளை விரல் நீளத்துக்கு வெட்டி ஒரு பெரிய குவியலாக நடுவில் போட்டுவிடுவோம், கூடவே ஒரு பை நிறைய இறப்பர் பட்டி. பத்து சேர்ந்தவுடன் கட்ட வேண்டும், கட்டிய கட்டை இடது பக்கத்துத் தட்டில் வைக்க வேண்டும், கட்ட முடியாமல் மிஞ்சுவது வலது பக்கத்துத் தட்டில். அவ்வளவுதான் விளையாட்டு. முதல் நாள் பெரிய ரகளை. ஒருத்தி ஒன்பதிலேயே கட்டிவிடுவாள், பக்கத்தில் இருப்பவன் அதை அவிழ்த்து எண்ணிக் காட்டி "டீச்சர் இவ களவு செய்றா" என்பான், இறப்பர் பட்டி பறக்கும். ஆனால் அந்த அவிழ்த்து எண்ணிக் காட்டுகிற பிள்ளை இருக்கிறானே, அவனுக்குப் பத்துகளின் இடம் விளங்கிவிட்டது. இரண்டு கட்டு, மூன்று தனி என்று தட்டில் கண்ணால் பார்த்த பிறகு, இரண்டு தட்டுக்கும் கீழே 2, 3 என்று எண் அட்டையை வைக்கச் சொன்னால், நடுவில் பூச்சியம் போட அவனுக்கு இடமே இல்லை, ஏனென்றால் மூன்றாவது தட்டு இல்லை. இதற்கு இரண்டு மூன்று நாள் போகிறது. அந்த நாட்களில் கொப்பியில் ஒரு வரியும் ஏறாது. பிறகு ஒரு நாள் கொப்பியில் பத்துக் கணக்கு வரும், பத்தும் சரியாக வரும். அந்த ஒரு பக்கத்தைப் பார்த்து பெற்றோர் சந்தோஷப்படுகிறார்கள், சரிதான், ஆனால் பாடம் முந்திய நாட்களிலேயே முடிந்துவிட்டது.

தமிழ் எழுத்திலும் இதே கதைதான், இன்னும் கொஞ்சம் சிக்கலாக. 247 எழுத்து என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் பிள்ளைக்கு உண்மையில் இடறுவது எண்ணிக்கை இல்லை. அதை அ, ஆ என்ற வரிசையில் தொடங்காமல் ட, ப, ம என்று நேர்கோடு அதிகமுள்ள எழுத்தில் தொடங்கி, படம், மடம், பட்டம் என்று சொல்லாகவே வாசிக்க வைத்துத் தரம் 1இல் ஓரளவு கடந்துவிடுவோம். தரம் 2இல் நிற்பது உயிர்மெய்யில், அதிலும் கொம்பு வருகிற இடங்களில். கொ என்பதில் வாய் முதலில் சொல்வது க், பிறகு ஒ. எழுதும்போதோ முதலில் கொம்பு, பிறகு க, பிறகு அரவு, அதாவது கால் (ா). ஒலிக்கிற ஒழுங்கும் எழுதுகிற ஒழுங்கும் வேறு. வளர்ந்தவர்களுக்கு இது கண்ணில் படுவதே இல்லை, ஆறு வயதுப் பிள்ளை முதலில் க எழுதிவிட்டுப் பிறகு கொம்பை எங்கே செருகுவது என்று தெரியாமல் முன்னால் நெருக்கி எழுதுவதைப் பார்த்தால்தான் தெரியும்.

இதற்கு ஒரு செயற்பாடு உண்டு. மூன்று பிள்ளைகளை முன்னால் கூப்பிட்டு ஒருவர் கையில் கொம்பு அட்டை, ஒருவர் கையில் க, ஒருவர் கையில் அரவு. மூவரும் தோளோடு தோள் நின்றால் வகுப்பு முழுக்க "கொ" என்று கத்தும். அரவு வைத்திருக்கிற பிள்ளையை "நீ போய்த் தண்ணி குடிச்சிட்டு வா" என்று அனுப்பினால் மிச்சம் நிற்பது கெ. ஒற்றைக் கொம்புக்குப் பதிலாக இரட்டைக் கொம்புப் பிள்ளை வந்தால் கே, போன பிள்ளை திரும்பி வந்தால் கோ. நடுவில் நிற்கிற க பிள்ளையை மாற்றி ப, ம, த என்று ஆட்களை நிறுத்தலாம். அரை மணித்தியாலத்தில் இருபது எழுத்துக்கு மேல் போய்விடும், ஒருவரும் களைக்க மாட்டார்கள், அரவாக நிற்பதற்குச் சண்டை வேறு பிடிப்பார்கள், ஏனென்றால் அரவுக்குத்தான் அடிக்கடி வெளியே போகக் கிடைக்கும். வீட்டில் கேட்டால் பிள்ளை என்ன சொல்லும்? "இண்டைக்கு நான் அரவு." அம்மாவுக்கு ஒன்றும் விளங்காது.

எல்லாப் பாடத்திலும் இப்படி நன்றாக நடக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. சமயப் பாடம் பெரும்பாலும் பாட்டும் கதையும்தான், அதில் பெரிய சிக்கல் இல்லை. சைவம், இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என்று பிள்ளைகள் பிரிந்து போய்த் திரும்பி வருவதற்குள் ஐந்து பத்து நிமிடம் போகும், அவ்வளவுதான். ஆங்கிலம் தரம் 1, 2இல் புத்தகப் பாடமாக இல்லை, செயற்பாடு வழியான பேச்சு ஆங்கிலம் மட்டும். வகுப்பு டீச்சரே சொல்லிக்கொடுக்க வேண்டும். டீச்சரின் ஆங்கிலம் எப்படியோ அப்படித்தான் அந்தப் பாடமும், இதை மறைக்க ஒன்றும் இல்லை. எழுத்துக் கூட்டல் பட்டியல், டிக்டேஷன் எல்லாம் தரம் 3க்குப் பிறகு. இங்கேதான் கொழும்புக்கே உரிய ஒரு ஒப்பீடு வருகிறது: மச்சாளின் மகன் இன்டர்நேஷனல் ஸ்கூலில் இரண்டாம் வகுப்பு, அவன் கிழமைக்கு எத்தனையோ ஸ்பெல்லிங் எழுதுகிறான். அந்தப் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவானவை, அரசின் கலைத்திட்டத்துக்குக் கட்டுப்பட்டவை இல்லை, ஊடகமே ஆங்கிலம். அங்கே பிள்ளைக்கு ஆங்கிலத்தில் வாசிக்காவிட்டால் கணிதமும் இல்லை, சுற்றாடலும் இல்லை. இங்கே தாய்மொழியில் முதலில் வாசிக்கப் பழக்கி, அந்தப் பலத்தில் மற்றதை ஏற்றுவது என்பது 1940களில் கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கரா காலத்துச் சீர்திருத்தத்திலிருந்து வருகிற ஏற்பாடு. இரண்டில் எது நல்லது என்ற சண்டைக்கு நான் வரவில்லை, ஆனால் ஒன்றின் கொப்பியை வைத்து மற்றதை அளக்க முடியாது.

சிங்களம் இரண்டாம் தேசிய மொழியாகப் பேச்சு அளவில் வருகிறது, அதில் கொழும்புப் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளை விட ஒரு வசதி இருக்கிறது. வேன் மாமாவோடும் பக்கத்து ஃபிளட்காரரோடும் ஏற்கெனவே கதைத்துப் பழகிவிட்டார்கள்.

தமிழிலும் கொழும்பு வகுப்பு வேறு மாதிரி. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, மருதானை என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே வகுப்பில் வடக்கிலிருந்து வந்த குடும்பம், மலையகத்திலிருந்து வந்த குடும்பம், கிழக்கு, முஸ்லிம் பிள்ளைகள், பரம்பரையாகக் கொழும்பிலேயே இருப்பவர்கள் எல்லாரும் கலந்திருப்பார்கள். குடும்பம் பற்றிய பாடத்தில் தாயின் தாயை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டால் அம்மம்மா, அம்மாச்சி, அம்மாயி, உம்மும்மா என்று பலகை நிறைந்துவிடும், புத்தகத்தில் இருப்பதோ பாட்டி. இந்தப் பிள்ளைகள் வீட்டுத் தமிழிலிருந்து புத்தகத் தமிழுக்கு ஒரே இடத்திலிருந்து நடந்து வருவதில்லை. அதனால் கதைக்க விடுகிற நேரம் இங்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது, எழுத வைக்கிற நேரம் அதில்தான் குறைகிறது. எனக்கு இது நட்டமாகத் தெரியவில்லை. வாய் திறந்து நாலு வசனம் தொடர்ந்து சொல்லத் தெரியாத பிள்ளை, பிறகு கட்டுரை எழுதச் சொன்னால் "பசு ஒரு வீட்டு மிருகம்" என்று தொடங்கி நின்றுவிடும்.

பெற்றோருக்கு மிகவும் பிடித்த செயற்பாடு சிறுவர் சந்தை. படம் எடுத்துப் போடலாம் என்பதும் ஒரு காரணம். வருடத்தில் ஒரு நாள், மேசைகளை வெளியே போட்டு, பிள்ளைகள் சேலை, சாரம் கட்டி வந்து விற்பார்கள்: வல்லாரை, பொன்னாங்காணி, தேசிக்காய், முருங்கைக்காய், அவித்த கடலை, வடை, மோர். வீட்டுத் தோட்டத்தில் விளைந்ததைக் கொண்டுவாருங்கள் என்றுதான் சொல்வோம், ஆனால் நாலாம் மாடி ஃபிளட்டில் எந்தத் தோட்டம், அம்மா விடிய மார்க்கட்டில் வாங்கிய வல்லாரையைப் பிள்ளை பத்து ரூபாய் குறைத்து விற்கும், வீட்டுக்கு நட்டம். அது பரவாயில்லை. இந்த ஒரு நாளில் கணிதம், தமிழ், சுற்றாடல் மூன்றும் சேர்ந்து வருகிறது: விலைப் பலகை எழுத வேண்டும், கூவி விற்க வேண்டும், கட்டு கட்டாகப் பிரித்து வைக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக மிச்சக் காசு கொடுக்க வேண்டும்.

மிச்சக் காசு கொடுப்பதை ஒரு பிள்ளை எப்படிச் செய்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தால் நிறைய விளங்கும். ஒரு கட்டு 60 ரூபாய். வாங்குகிறவர் நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறார். கொப்பியில் 100 கழித்தல் 60 என்று போட்டால் திணறுகிற பிள்ளை, இங்கே ஒரு இருபதை எடுத்து "எண்பது", இன்னொரு இருபதை எடுத்து "நூறு" என்று மேலே எண்ணிக் கொடுத்துவிடும். இது ஒருவரும் சொல்லிக்கொடுத்த கழித்தல் இல்லை, கடைக்காரர் செய்வதைப் பார்த்து எடுத்தது. நல்ல டீச்சர் அதை அப்படியே குறித்துவைத்து அடுத்த நாள் பலகையில் எண்கோடு வரைந்து "நேற்று நீ செய்தது இதுதானே" என்று காட்டுவார். சந்தை கொண்டாட்டமாகவே நின்றுவிடுவதும் பாடமாக மாறுவதும் அந்த அடுத்த நாளில்தான் இருக்கிறது. பின்னால் நின்று "நாப்பது குடு, நாப்பது குடு" என்று சொல்லிக் கெடுக்கிற அம்மா அப்பாமார் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றால் நல்லது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் குற்றிகளில் கணக்குக் கேட்பதும் இப்போது கஷ்டம், 2022க்குப் பிறகு விலைவாசி போன போக்கில் அந்தக் குற்றிகளைக் கையில் பிடித்துச் செலவழித்த பிள்ளைகள் குறைவு.

சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்ற பாடம் பற்றியும் ஒரு வார்த்தை. யோகட் கப்பில் ஈரப் பஞ்சு வைத்துப் பயறு முளைக்க வைப்பதை எல்லாரும் செய்திருப்போம். முளைத்ததா என்பது பெரிய விஷயம் இல்லை, பயறு எப்படியும் முளைக்கும். ஒரு கப்பை ஜன்னலிலும் ஒன்றை அலுமாரிக்குள்ளும் வைத்து, எது முதலில் முளைக்கும் என்று முன்னாலேயே கையை உயர்த்தச் சொல்வதில்தான் பாடம் இருக்கிறது. வகுப்பே ஜன்னலுக்குக் கை உயர்த்தும். சில நாளில் அலுமாரிக்குள் இருந்தது நெடுநெடு என்று வெளிறி வளர்ந்து நிற்பதைப் பார்த்தவுடன் வகுப்பு இரண்டாகப் பிரியும்: உயரமாக வளர்ந்தது வென்றதா, பச்சையாகக் கட்டையாக இருப்பது வென்றதா? அந்த வாக்குவாதத்தை டீச்சர் உடனே தீர்த்துவைத்தால் பாடம் செத்தது. இன்னும் சில நாள் வைத்துப் பார்க்க விட்டால் வெளிறியது தானே சாய்ந்து காட்டிவிடும்.

இப்போது குறைகளுக்கு வருகிறேன், ஏனென்றால் பெற்றோரின் கோபத்தில் நியாயமான பங்கு ஒன்று இருக்கிறது. செயற்பாட்டு முறை சின்ன வகுப்புக்கு ஏற்றது. கொழும்பில் பேர்போன பள்ளிக்கூடங்களில் ஒரு வகுப்பில் நாற்பதுக்குக் கிட்டப் பிள்ளைகள், ஒரு டீச்சர். ஆறு குழுவாகப் பிரித்தால், ஒரு குழுவோடு இருக்கும்போது மற்ற ஐந்தும் அவர்கள் பாட்டில். ஈர்க்குக் கட்டுகிற வேலையில் ஒரு பிள்ளை ஒரு கட்டும் கட்டாமல் பக்கத்துப் பிள்ளை கட்டுவதைப் பார்த்துக்கொண்டே மூன்று நாளைக் கழித்துவிடலாம், டீச்சருக்குத் தெரியவே வராது. கொப்பி வேலையில் இது உடனே பிடிபடும், வெற்றுப் பக்கம் தெரியும். செயற்பாட்டில் பிடிபடாது. அதற்காகத்தான் அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது: முதன்மை நிலை முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் கட்டாயம் அடைய வேண்டியவை, டீச்சர் அவதானித்துப் பிள்ளைக்குப் பிள்ளை குறிக்க வேண்டும். ஒழுங்காகக் குறித்தால் அந்தப் பிள்ளை அகப்படும். மாதக் கடைசியில் அதிபர் கேட்கிறார் என்று ஒரே இருப்பில் நாற்பது பேருக்கும் சரி போட்டால் அகப்படாது. இரண்டும் நடக்கிறது.

அப்புறம் அந்த வாட்ஸ்அப் செய்தி. இரவு எட்டரைக்கு வரும்: "நாளைக்கு ஒரு பிரிஸ்டல் போர்ட், கம், ஐந்து வீட்டு மிருகங்களின் படம், கலர் பேப்பர் கொண்டு வரவும்." அப்பா வேலையால் வந்த களைப்போடு பிரின்ட் எடுக்கத் திறந்திருக்கிற கொமியூனிகேஷன் கடை தேடி ஓடுவார், கலர் பிரின்ட் எடுப்பார், அம்மா வெட்டி ஒட்டுவார், பிள்ளை நித்திரையாகிவிடும். காலையில் அழகான ஒரு அட்டை வகுப்புக்கு வரும், சுவரில் ஏறும், வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வருகிறவர்கள் பார்த்துப் பாராட்டுவார்கள். பிள்ளை அதில் கற்றது என்ன? ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு வேண்டுமானால் கைவேலை கூடியிருக்கும். இதைச் செயற்பாடு என்று சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பழைய பத்திரிகையிலிருந்து பிள்ளை கோணல்மாணலாகக் கிழித்து ஒட்டிய ஆடு, கலர் பிரின்ட் ஆட்டை விட எவ்வளவோ மேல். பெற்றோர் கூட்டத்தில் டீச்சரை மடக்க வேண்டுமென்றால் "ஏன் எழுதவில்லை" என்பதை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்: இந்த அட்டையைப் பிள்ளை வகுப்பிலேயே செய்தால் என்ன? கடதாசி, கொப்பி விற்கிற விலையில் இது காசுப் பிரச்சினையும்தான், எல்லா வீட்டாலும் இரவு எட்டரைக்கு இந்தச் செலவு செய்ய முடியாது, முடியாத வீட்டுப் பிள்ளை அடுத்த நாள் வெறுங்கையோடு நிற்கும்.

இவ்வளவும் இருந்தும் கொப்பிக்கு ஏன் இந்த அவசரம்? காரணம் தரம் 5இல் இருக்கிறது. புலமைப்பரிசில் பரீட்சை. 1940களில் மத்திய மகா வித்தியாலயங்கள் தொடங்கியபோது, கிராமத்தில் இருக்கிற வசதியில்லாத கெட்டிக்காரப் பிள்ளை நல்ல பள்ளிக்கூடத்துக்குப் போக வழி செய்ய வந்த ஏற்பாட்டின் தொடர்ச்சி அது. இன்றைக்கு வருடத்துக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதுகிறார்கள். ஏற்கெனவே கொழும்பில் பேர்போன பள்ளிக்கூடத்தில் இருக்கிற, வேறெங்கும் மாறப்போகாத, உதவிப் பணமும் தேவையில்லாத வீட்டுப் பிள்ளையும் இதில் உண்டு, 170க்கு மேல் எடுத்தால் படத்தோடு பேனர் போடலாம் என்பதற்காக. தரம் 4இல் இருந்த டியூஷன் தரம் 3க்கு இறங்கியது, இப்போது தரம் 2க்கும் "அடிப்படை வகுப்பு" என்று விளம்பரம் பார்க்கிறேன். டியூஷன் வகுப்பில் கொப்பி நிறையும். பயிற்சித் தாள் கட்டுக்கட்டாக வரும். பெற்றோருக்கு நிம்மதி.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பரீட்சையின் முதல் வினாத்தாள் பெரும்பாலும் கோலம், ஒழுங்கு, தர்க்கம் பார்ப்பது. அடுத்து வருவது எது, பொருந்தாதது எது, இந்த வடிவத்தைத் திருப்பினால் எப்படி இருக்கும் என்ற மாதிரி. சின்ன வகுப்பில் சோடா மூடியை நிறப்படி அடுக்கி, ஈர்க்கு கட்டி, அலுமாரிப் பயறு ஏன் வெளிறியது என்று சண்டை பிடித்த பிள்ளைக்கு இதற்கு வேண்டிய அத்திவாரம் கிடைத்துவிடுகிறது. இதே கேள்விகளைத் தரம் 2இலேயே தாளில் கொடுத்து விடையை மனனம் பண்ண வைத்தால், கேள்வி கொஞ்சம் மாறியவுடன் பிள்ளை தடுமாறும். பரீட்சைக்காக விளையாட வையுங்கள் என்று நான் சொன்னதாக எடுத்துவிடாதீர்கள், சாமி. பரீட்சைக்குப் பயந்து விளையாட்டை வெட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

முன்பள்ளியும் இந்தக் குழப்பத்தில் பங்காளி. நம் ஊரில் முன்பள்ளிகள் பெரும்பாலும் தனியாருடையவை, பெற்றோர் கேட்பதைக் கொடுத்தால்தான் பிள்ளைகள் வருவார்கள், பெற்றோர் கேட்பது எழுத்து. நாலு வயதில் மூன்று மொழியிலும் எழுத்துக் கொப்பி முடித்த பிள்ளை தரம் 1க்கு வந்து முதல் சில கிழமை பாட்டும் விளையாட்டுமாக இருந்தால், "பின்னுக்குப் போய்விட்டது" என்றுதான் வீட்டில் தோன்றும். அந்தக் கிழமைகளில் டீச்சர் செய்துகொண்டிருப்பது பிள்ளையை இனங்காணுவது: யாருக்குப் பென்சில் பிடிக்க வருகிறது, யாருக்குக் காது கொஞ்சம் மந்தம், யார் கூட்டத்தில் வாய் திறப்பதில்லை. முன்பள்ளியில் எழுதிய பிள்ளைகளிலேயே, பென்சிலை முழுக் கையாலும் பொத்திப் பிடித்து எழுதிப் பழகிவிட்டவர்களைத் திருத்துவதுதான் பெரும் பாடு, எழுதவே தொடங்காத பிள்ளைக்குப் பழக்குவது அதை விடச் சுகம்.

சரி, கொப்பியைப் பார்க்காவிட்டால் பெற்றோர் எதைப் பார்ப்பது? வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பிள்ளையோடு நடந்து போகும்போது கடைப் பெயர்ப் பலகையை வாசிக்கச் சொல்லுங்கள். பாடப் புத்தகத்தில் இல்லாத சொல்லை எழுத்துக் கூட்டி வாசிக்கிறதா, இல்லை முதல் எழுத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்கிறதா என்று தெரியும். ஊகித்தால் டீச்சரிடம் வந்து அதைச் சொல்லுங்கள், அது பிரயோசனமான முறைப்பாடு. ஒரு கை நிறையக் கடலையைக் கொடுத்து எத்தனை என்று கேளுங்கள்: ஒவ்வொன்றாக எண்ணுகிறதா, பத்துப் பத்தாகப் பிரிக்கிறதா. தரம் 2 முடிகிற நேரத்தில் பிரிக்க வேண்டும். "இன்றைக்கு என்ன எழுதினாய்" என்று கேட்பதற்குப் பதிலாக "இன்றைக்கு யாரோடு குழுவில் இருந்தாய், என்ன செய்தீர்கள், யார் வென்றது" என்று கேட்டால் பத்து நிமிடக் கதை வரும். கதை ஒழுங்காக முன்னுக்குப் பின் மாறாமல் வந்தால் தமிழ்ப் பாடம் நன்றாகப் போகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு நாளும் "ஒண்டும் இல்லை" என்று மட்டும் வந்தால் விசாரியுங்கள், அந்தக் குழுவில் பார்த்துக்கொண்டே இருக்கிற பிள்ளை உங்களுடையதாக இருக்கலாம்.

2026இலிருந்து தரம் 1க்கும் தரம் 6க்கும் புதிய சீர்திருத்தம் என்று அறிவித்து, தரம் 6 பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். தரம் 1 பற்றி அவ்வளவாக யாரும் கதைக்கவில்லை. அங்கே புத்தகத்தின் பெயரும் வடிவமும் மாறலாம், நாற்பது பிள்ளைக்கு ஒரு டீச்சர் என்ற கணக்கு மாறாமல் மற்றது எவ்வளவு மாறினாலும் வகுப்பில் பெரிய வித்தியாசம் தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

தரம் 3க்குப் போனதும் ஆங்கிலத்துக்குப் புத்தகம் வரும், கொப்பிகளின் எண்ணிக்கை கூடும், மார்ஜின் அடித்துத் திகதி போட்டு எழுதச் சொல்வார்கள், பை பாரமாகும். அப்போது பெற்றோர் கூட்டத்தில் முதல் கேள்வி மாறிவிடுகிறது: "டீச்சர், இவ்வளவு எழுத வைக்கிறீங்களே, பிள்ளைக்குக் கை நோகுதாம்."